எம். அமிர்தவல்லி மேடைக்கு வந்த கதை

பாதி விருதாளர்கள் மண்டபத்திலும் மீதிப் பேர் ஜூமிலும் உட்கார்ந்திருந்த ஒரு சனிக்கிழமை மாலை ஆறு நாற்பதுக்கு, வெள்ளியம்பாளையம் கல்யாண மண்டபத்து மேடையில், கையில் ஒரு காகிதமும் எதிரே ஒரு லேப்டாப்புமாக நின்றிருந்த இந்துமதி, காகிதத்தில் இருந்த பெயரையும் லேப்டாப்பில் இருந்த இன்ஷியலையும் சேர்த்து ஒரே மூச்சில் வாசித்துவிட்டாள். அப்படி வாசித்ததால், அந்த நொடி வரை இந்த உலகத்திலேயே இல்லாத ஒரு பெண்மணி ஒன்பதாவது வரிசையில் இருந்து எழுந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, யாருக்கும் எந்தச் சிரமமும் கொடுக்காமல் மேடைக்கு நடந்து வந்தாள்.

இந்துமதி விழாக்களைத் தொகுத்து வழங்குவதைப் பத்தொன்பது வருடமாகச் செய்துகொண்டிருப்பவள். சிறப்பு விருந்தினர் வரும்வரை கூட்டத்தை எழுந்து போகவிடாமல் பிடித்து வைப்பதும், வந்தவரைப் பேசவைப்பதும், பேச ஆரம்பித்தவரை எப்படியாவது நிறுத்தவைப்பதும், கை தட்டாதவர்களைத் தட்டவைப்பதும் அவள் பாடு. விழா நன்றாக நடந்தால் தலைவருக்குப் பெயர், சொதப்பினால் மைக் பிடித்தவளுக்குத் திட்டு. அழைப்பிதழில் அவள் பெயர் கடைசி வரியில் இருக்கும், இடம் போதவில்லை என்றால் அச்சகத்தார் முதலில் எடுப்பதும் அந்த வரியைத்தான். கொரோனாவுக்குப் பிறகு ஜூமும் சேர்ந்துகொண்டது. ஒரு கண் மண்டபத்தில், ஒரு கண் திரையில். திரையில் ஒருவர் "கேக்குதுங்களா, கேக்குதுங்களா" என்று கேட்டுக்கொண்டே இருப்பார், மண்டபத்தில் ஒருவர் சாப்பாடு எப்போது என்று சைகை காட்டிக்கொண்டே இருப்பார்.

இத்தனைக்கும் நடுவில் அவளுக்கு ஒரே ஒரு கர்வம் இருந்தது. பத்தொன்பது வருடத்தில் ஒரு இன்ஷியலைக்கூட அவள் மாற்றி வாசித்ததில்லை. பெயரைத் தப்பாகச் சொன்னால் சம்பந்தப்பட்டவர் சிரித்துக்கொண்டே திருத்துவார். இன்ஷியலைத் தப்பாகச் சொன்னால் அவருடைய அப்பனையே மாற்றிவிட்டதாக அர்த்தம், அதை எவரும் லேசில் மன்னிப்பதில்லை. அந்தக் கர்வத்துக்குத்தான் அன்றைக்கு ஆப்பு வந்தது. காகிதத்தில், மண்டபத்துக்கான வரிசையில், முப்பத்தொன்பதாவதாக எஸ். அமிர்தவல்லி. லேப்டாப்பில், இணையத்துக்கான வரிசையில், மஸ்கட்டில் இருந்து எம். ராஜலட்சுமி. இந்துமதி வாசித்தது, "அன்னச்சுடர் விருது, எம். அமிர்தவல்லி!"

அரக்கு நிறப் பட்டுடுத்தி வந்த அந்தப் பெண்மணிக்கு அறுபது வயது இருக்கும். வெற்றிச்சுடர் பேரவையின் தலைவர் சிவநேசன் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார், ஷீல்டைக் கொடுத்தார், கேமராவைப் பார்க்கச் சொன்னார். இந்துமதி கையில் இருந்த குறிப்பை வாசித்தாள்: முப்பத்தோரு வருடம் சத்துணவுக் கூடத்தில் சமைத்தவர், ஒரு பிள்ளையைக்கூட அரை வயிற்றோடு அனுப்பாதவர். கூட்டம் தட்டியது. நான்காவது வரிசையில், பாதி எழுந்த நிலையில், ஒரு கையால் நாற்காலியைப் பிடித்தபடி இன்னொரு அம்மாள் நின்றிருந்தாள். அவள்தான் எஸ். அமிர்தவல்லி. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம், "எம்முன்னு கூப்பிட்டாங்க, வேற யாரோ போலிருக்குது" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

தான் மாற்றி வாசித்துவிட்டது பந்தியில்தான் இந்துமதிக்குப் புரிந்தது. ஷீல்டை மடியில் வைத்துக்கொண்டு ரசம் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த எம். அமிர்தவல்லியின் எதிரே போய் உட்கார்ந்து, "நீங்க எந்த ஊரும்மா, யாரு கூட வந்தீங்க?" என்று கேட்டாள்.

"யாரு கூடவும் வரலீங்க. நீங்க கூப்பிட்டீங்க, வந்தனுங்க."

"அதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?"

"அதுக்கு முன்னாடி நான் எங்கயும் இல்லீங்களே" என்றாள் அவள், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. "ஏனுங் மேடம், நான் என்ன பண்ணினேன்னு அந்தச் சீட்டுல இருந்ததை இன்னொருக்கா வாசிச்சுக் காட்டுறீங்களா? நல்லா இருந்துச்சு."

மறுநாளே ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. வெள்ளியம்பாளையத்துக்காரர்கள் இதைப் பற்றி வியந்துபோய் வாயைப் பிளக்கவெல்லாம் இல்லை. வாயைப் பிளக்க அவர்களுக்கு நேரமும் இல்லை. வந்த மனுஷியை எங்கே தங்கவைப்பது என்றுதான் யோசித்தார்கள். பேரவையின் பொருளாளர் வீட்டு மாடியறை காலியாக இருந்தது, அங்கே தங்கவைத்தார்கள். ஆதாருக்குப் பிறந்த தேதி கேட்டபோது விழாத் தேதியைச் சொன்னாள், அறுபது வயதுக்காரியைப் பிறந்து நாலு நாள் என்று எழுத முடியாது என்று அலுவலர் தலையைச் சொறிந்தார், பிறகு விருது வாங்கும் போட்டோவைப் பார்த்துவிட்டு அவராகவே ஒரு வருடத்தைப் போட்டுக்கொண்டார். பொன்னாடையோடு இருக்கும் போட்டோவைவிடப் பெரிய அத்தாட்சி இந்த ஊரில் எதுவும் கிடையாது. பக்கத்து ஊர்ச் சங்கம் ஒன்று, ஏற்கெனவே விருது வாங்கியவர் என்பதால் அவளுக்கு இன்னொரு விருது கொடுத்தது. இரண்டு வாங்கியவர் என்பதால் மூன்றாவது சங்கம் மூன்றாவதைக் கொடுத்தது. ஆறு மாதத்தில் பதினோரு ஷீல்டு சேர்ந்துவிட்டது. அவளோ நல்ல மாதிரி. எல்லா இடத்திலும் குறிப்பை வாசிக்கும்போது, யாரோ ஒரு புண்ணியவதியைப் பற்றிக் கேட்பதுபோல் கண் கலங்கக் கேட்டாள்.

பிள்ளையில்லாத தம்பதிகள் இரண்டு ஜோடி இந்துமதி வீட்டுக்கு வந்து, எங்கள் இன்ஷியலைப் போட்டு ஒரு பேரைத் தப்பாகக் கூப்பிடுங்கள் என்று கேட்டார்கள். பாவமாக இருந்ததால் அவளும் மைக்கை வைத்துக்கொண்டு கூப்பிட்டுப் பார்த்தாள். வேண்டுமென்றே செய்வது தப்பு என்ற கணக்கில் வராது போலிருக்கிறது, யாரும் வரவில்லை.

அடுத்தது அப்பா விவகாரம். எம் என்றால் யார் என்று ஒருநாள் எம். அமிர்தவல்லியே கேட்டாள், கேட்டது இந்துமதியிடம் மட்டும்தான், ஆனால் வாரத்துக்குள் ஏழு கிழவர்கள் வரிசையில் நின்றார்கள். மாரப்பன், முத்துசாமி, மயில்சாமி, மாணிக்கம், மருதாசலம், மைக்கேல் வாத்தியார், ஈரோட்டில் இருந்து பஸ் ஏறி வந்த முகமது ராவுத்தர். பதினோரு ஷீல்டு வாங்கிய மகள் யாருக்குக் கசக்கும்? மயில்சாமியின் மருமகள் மாமனாருக்குப் புது வேட்டியே எடுத்துக் கொடுத்து அனுப்பினாள், சொந்த மகன்களைத் திரும்பிப் பார்க்காத மாணிக்கம் இவளைப் பார்த்ததும் "கண்ணு" என்று தழுதழுத்தார், அதில் மாரப்பனுக்கு மட்டும் கூடுதல் பலம் இருந்தது, அவர் தலைவர் சிவநேசனின் மாமனார். எம். அமிர்தவல்லி ஏழு பேருக்கும் காப்பி கொடுத்தாள். யாரையும் அப்பா என்று சொல்லவில்லை.

எஸ். அமிர்தவல்லி என்ன ஆனாள் என்று யாரும் கேட்கவில்லை. இந்துமதிக்கு மட்டும் ராத்திரி பகல் அதே நினைப்பு. மன்னிப்புக் கேட்கப் போனபோது அந்த அம்மாள் திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. அவள் திட்டவில்லை, பலகையை எடுத்துப்போட்டு உட்காரச் சொன்னாள்.

"ஷீல்டு கெடக்குது கண்ணு, அதை வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்" என்றாள். "எங்கப்பா சுப்பன், கெணறு வெட்டுற ஆளு. படிப்பில்லை. நான் அஞ்சாவது படிக்கறப்ப வாத்தியாரு சிலேட்டுல என் பேரை இங்கிலீசுல எழுதிக் காட்டுனாரு. இதுல நானு எங்க சாமி இருக்கறேன்னு எங்கப்பா கேட்டாரு. இந்தா, இந்த முத எழுத்து நீதான்னு வாத்தியாரு சொல்லிப்போட்டாரு. அந்த வளைஞ்ச எழுத்து ஒண்ணுதான் அவரு சாகுற வரைக்கும் படிச்ச எழுத்து. அவரு பேரு ஒரு நோட்டீஸ்ல வந்ததில்லை, ஒரு கல்லுல வந்ததில்லை. ஒருக்கா, மைக்குல, நாலு பேரு முன்னாடி அந்த எழுத்து வரோணும்னு ஆசைப்பட்டேன். அதைத்தான் நீ மாத்திப்போட்டே."

இந்துமதி நேராகத் தலைவர் சிவநேசனிடம் போனாள். திருத்தம் அறிவிக்க வேண்டும் என்றாள்.

"ஒரு எழுத்துதானேம்மா" என்றார் அவர்.

"அது அவங்க அப்பா சார்."

"எல்லாருக்குந்தான் அப்பா இருக்காங்க. நூத்தி நாப்பது பேருக்குக் குடுத்தோம், ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன இருக்கும். இப்பப் போயி அந்தம்மாவுக்குத் தப்பாக் குடுத்துட்டோம்னு சொன்னா, அவங்களுக்குக் குடுத்த மத்தச் சங்கமெல்லாம் நம்மளைக் கேக்காதா? அதுவுமில்லாம அமிர்தவல்லின்னு ஒருத்தருக்கு அன்னச்சுடர் குடுத்தாச்சு. அதே பேருக்கு மறுபடி குடுக்க விதியில இடமில்லை."

எழுதாத விதி எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை, கேட்டால் எழுதிவிடுவார். கடிதம் கொடுத்தாள், பதில் இல்லை. பேரவையின் வாட்ஸப் குழுவில் எழுதினாள், கீழே நாற்பது பேர் கும்பிடு போட்டார்கள், அதோடு சரி. எவர் மீது கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை அவளுக்கு. வாசித்தது அவள், வந்தது கூப்பிட்டதற்காக வந்த ஒருத்தி, நடுவில் நிற்பது ஒரு எழுத்து. பாத்திரம் தேய்க்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, அடுத்தவன் கல்யாணத்தில் மணமக்களை வாழ்த்தும்போது, எஸ், எஸ் என்று பல்லுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் பொறுக்க முடியாமல், பேரவை மாதாமாதம் ஜூமில் நடத்தும் விருது நிகழ்ச்சியில், தலைவர் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து, யாரையும் கேட்காமல் ஆரம்பித்தாள். அன்னச்சுடர் விருது எஸ். அமிர்தவல்லிக்கு உரியது, எம் என்று நான் வாசித்தது என் பிழை, எம். அமிர்தவல்லி என்று ஒருவர் பட்டியலிலேயே இல்லை என்று மூன்று நிமிடம், குரல் உடைய, கண்ணீர் வழியப் பேசினாள். திரையில் அறுபத்திரண்டு முகங்களும் மரியாதையாகத் தலையாட்டின, சிலர் கைதட்டும் பொம்மைகளைப் பறக்கவிட்டார்கள். முடித்ததும் மஸ்கட் ராஜலட்சுமி சொன்னாள்: "மேடம், நீங்க மியூட்ல இருக்கீங்க." இந்துமதி மியூட்டை எடுப்பதற்குள் தலைவர் வந்து, நேரமின்மை காரணமாக நிகழ்ச்சி இனிதே நிறைவுற்றது என்று சொல்லி எல்லாரையும் அனுப்பிவிட்டார். லேப்டாப்பைத் தூக்கி அடிக்காமல் இருந்தது அது தவணையில் வாங்கியது என்பதால் மட்டும்தான்.

மறுநாள் காலையில் எம். அமிர்தவல்லி வீடு தேடி வந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஏனுங் மேடம், நேத்து ஏழு மணிவாக்குல என் காலு ரெண்டும் தெரியாமப் போயிருச்சுங்க. முழங்காலுக்குக் கீழ தரைதான் தெரிஞ்சுது. ஒரு மூணு நிமிசம் இருக்கும், பொறவு வந்துருச்சு. நீங்க ஏதாச்சும் சொன்னீங்களா?"

இந்துமதி முந்தின நாள் மியூட்டில் பேசிய மூன்று நிமிடத்தை எண்ணிப் பார்த்தாள். வாயைத் திறந்து, சத்தம் வராமல் சொன்னதற்கே கால் போயிற்று. சத்தமாகச் சொல்லியிருந்தால்? ஒரு வருடமாக எந்தத் திருத்தத்துக்காக நாயாக அலைந்தாளோ, அந்தத் திருத்தம் எதிரே உட்கார்ந்து புடவைக்குள் காலை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொள்கிற இந்த மனுஷியை அழித்துவிடும். சொல்லாவிட்டால் சுப்பன் என்கிற கிணறு வெட்டியின் எழுத்து எந்தக் காலத்திலும் மைக்கில் வராது. சொன்னாலும் பாவம், சொல்லாவிட்டாலும் பாவம். இப்படி ஒரு வேலையைத் தன் தலையில் எவன் கட்டினான் என்று அவள் அன்றைக்கெல்லாம் சோறு தின்னாமல் கிடந்தாள்.

அடுத்த ஆண்டு விழாவின் அழைப்பிதழ் வந்தது. சிறப்பு விருந்தினர், பன்னிரு விருதுச் செல்வி எம். அமிர்தவல்லி. தொகுப்பு, இந்துமதி. அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு அவள் எஸ். அமிர்தவல்லியின் வீட்டுக்குப் போய், கால் மறைந்த விஷயம் உட்பட எல்லாவற்றையும் கொட்டினாள். அந்த அம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்களே சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா மேடையில சத்தமாச் சொல்லிடறேன். என்ன ஆனாலும் ஆகட்டும்."

"உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்குது?" முறத்தைக் கீழே வைத்தாள். "ஒரு எழுத்துக்காக ஒரு பொம்பளையைக் கரைக்கச் சொல்றியா? வேண்டாங் கண்ணு. உட்டுரு."

கொஞ்ச நேரம் கல் பொறுக்கினாள். பிறகு, "அப்பன் தெரியாமத் தவிக்கறாளாமா?" என்று கேட்டாள்.

"ஏழு பேரு நிக்கறாங்க. அவங்களுக்கு ஒருத்தரும் ஒட்டலை."

"எப்படி ஒட்டும்? எம்முன்னா அப்பனாத்தான் இருக்கோணும்னு எவஞ் சொன்னது?" என்றவளின் குரல் சட்டென்று உயர்ந்தது. "எங்கம்மா பேரு மருதாயி. எங்கப்பன் வெட்டுன மண்ணையெல்லாம் கூடையில மேல சொமந்தது அவதான். அப்பனுக்காச்சும் சிலேட்டுல ஒரு எழுத்துக் கெடைச்சுது. அவளுக்கு அதுவுமில்லை. அறுவது வருசமா நானும் அப்பன் எழுத்து, அப்பன் எழுத்துன்னே இருந்திருக்கேன் பாரு. ஒரு நாள்கூட அவளுக்கு எழுத்தெங்கன்னு கேக்கலை." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவ எங்கம்மா புள்ளைன்னு சொல்லிரு. எனக்கும் கூடப்பொறந்தவ யாருமில்லை."

விழாவன்று கூட்டம் வழிந்தது. ஏழு கிழவர்களும் முதல் வரிசை. எஸ். அமிர்தவல்லி பின்னால் ஒரு தூணுக்குப் பக்கத்தில். இந்துமதி காகிதத்தையும் பார்க்காமல், லேப்டாப்பையும் பார்க்காமல், ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி அழைத்தாள்: "சிறப்பு விருந்தினர், மருதாயி மகள், எம். அமிர்தவல்லி அவர்களே, வருக!"

ஏற்கெனவே மாலையோடு மேடை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். மருதாயி என்று உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கீழே முதல் வரிசையில் ஒரே சலசலப்பு. மாரப்பன் மருமகனைப் பார்த்து முறைக்க, தலைவர் சிவநேசன் எழுந்து வந்து இந்துமதியின் கையில் இருந்து மைக்கை வாங்கினார்.

"சபையோர் மன்னிக்கணும். தொகுப்பாளர் தவறுதலா வாசிச்சுட்டாங்க. ஒரு சின்னத் திருத்தம். மாரப்பன் மகள்..."

திருத்தம் என்ற சொல் வெளியே வந்ததுமே எம். அமிர்தவல்லியின் கழுத்து மாலைக்குப் பின்னால் நாற்காலியின் சிவப்புத் துணி தெரிய ஆரம்பித்தது. கூட்டம் பார்த்தது. இந்துமதி ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கப் பார்த்தாள், தலைவர் விடவில்லை. அதற்குள் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் எம். அமிர்தவல்லியே எழுந்து வந்து, தலைவரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மைக்கை எடுத்தாள். பன்னிரண்டு விருது வாங்கியவள், எந்த மேடையிலும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"திருத்தம் வேண்டாமுங்க" என்றாள். "அந்த மேடம் சொன்னதுதான் சரி. எங்கம்மா மருதாயி."

சொல்லச் சொல்லச் சிவப்புத் துணி மறைந்தது, மாலைக்குப் பின்னால் கழுத்தும் தோளும் வந்தன, அவள் குனிந்து காலையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"அப்பறம், அந்தச் சோத்தையெல்லாம் பொங்குனது நானில்லீங்க. எனக்கு உலை வெக்கவே தெரியாது. பொங்குனவங்க அந்தா, தூணுக்குப் பக்கத்துல இருக்காங்க. எங்கக்கா. எஸ். அமிர்தவல்லி." பட்டியலிலும் இல்லாமல், திருத்தமாகவும் இல்லாமல், வீட்டுக்குள் இருந்து கூப்பிடுவதுபோல் கூப்பிட்டாள்: "அக்கா, மேல வாங்க."

எஸ். அமிர்தவல்லி வந்தாள். கொடுக்க ஷீல்டு இல்லை, போர்த்தப் பொன்னாடை இல்லை, இந்த வருடத்து நூற்று அறுபதும் கணக்காகப் பெயர் போட்டு வைத்திருந்தார்கள். இது யார், நேரமில்லை என்று தலைவர் சீட்டு எழுதி இந்துமதியிடம் நீட்டினார். நன்றி சொல்லப்போகிறாள் என்று மண்டபமும் ஜூமும் காத்திருந்தன. அந்த அம்மாள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எஸ்ஸுன்னா சுப்பனுங்க" என்றாள். "கெணறு வெட்டுனவரு. எங்கப்பா."

அவ்வளவுதான். மைக்கைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, படி தடுக்காமல் பார்த்து இறங்கிப் போனாள்.

அடுத்த பெயரை வாசிக்கச் சொல்லித் தலைவர் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். இந்துமதி வாசிக்கவில்லை. கைதட்டச் சொல்லவும் இல்லை.